விரிசலுக்குக் குறுக்கே ஒட்டிய காகிதம்

இரண்டு விரல் அகலக் காகிதத் துண்டு. எங்கள் வீட்டு ஆற்றுப்பக்கச் சுவரில், விரிசலுக்குக் குறுக்கே ஒட்டியிருந்தது. நீல மையில் தேதியும் கையெழுத்தும். அதை ஒட்டிய ஓவர்சியரை முதல் நாளிலிருந்தே நான் நம்பவில்லை.

வைப்பாற்றங்கரையில் எங்கள் தெருவில் பதினோரு வீடுகள். சுண்ணாம்புச் சுவர்கள், ஆற்றுக்குள் இறங்கும் கல்படிகள். வருஷத்தில் பாதி நாள் ஆற்றில் மணல்தான் கிடக்கும். ஆனாலும் எதிர்க்கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு எங்கள் ஊர் என்றால் அந்த வரிசைதான். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பருத்தி வியாபாரி எங்கள் சுவரை ஒட்டியே பெரும் பள்ளம் தோண்டி, மூன்று மாடி லாட்ஜ் கட்ட ஆரம்பித்தார். அந்த வாரமே இந்த சர்க்கார் ஓவர்சியர் வந்து வீடு வீடாக விரிசல் அளந்து காகிதம் ஒட்டினார். எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. லாட்ஜ்காரரோடு அவர் டீக்கடையில் நின்று பேசியதை என் வீட்டுக்காரர் பார்த்திருந்தார். அது போதாதா?

"ஏட்டி, வீடு லாயக்கில்லன்னு எழுதி நம்மளக் கெளப்பப் பாக்காவ" என்றார்.

கரிசல் மண்ணில் விரிசல் புதிதல்ல. கோடையில் மண்ணோடு சுவரும் பிளக்கும். ஐப்பசி மழையில் தானே மூடிக்கொள்ளும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் பூசுவோம். அந்த வருஷம் சித்திரையிலேயே பூசினோம். நான்தான் ஆரம்பித்தேன். காகிதத்தை நனைத்து உரித்தேன், சுண்ணாம்பு குழைத்து விரிசலை அடைத்தேன். இரண்டே நாளில் பதினோரு சுவரும் கல்யாண வீட்டுச் சுவராகிவிட்டது. எங்கள் சாமர்த்தியத்தில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓவர்சியர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார்.

"ஒட்டுன பேப்பர எங்கம்மா?"

"மழையில நனைஞ்சு விழுந்திருக்கும், சார்."

மாசக்கணக்கில் ஒரு சொட்டு விழாத வானத்தை அவர் அண்ணாந்து பார்த்தார்.

"பேப்பர் கிழிஞ்சிருந்தா, பள்ளம் தோண்டின பொறவு விரிஞ்சதுன்னு தேதியக் காட்டி வேலைய நிறுத்திருப்பேன். இனி எதம்மா காட்ட?"

அப்போதும் நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஐப்பசியில் மூன்று வீட்டுச் சுவர்கள் லாட்ஜ் பக்கம் சரிந்தன. மீதி வீடுகளையும் ஆபத்தென்று இடித்தார்கள். அதற்குள் அவரை வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள்.

இப்போது கோவில்பட்டியில் மகனோடு இருக்கிறேன். போன மாதம் பஸ்ஸில் எங்கள் ஊர் வைப்பாற்றுப் பாலத்தைக் கடந்தேன். கரை முழுக்க லாட்ஜுகளின் முதுகும் கழிவுக் குழாய்களும். பக்கத்தில் இருந்த பெண் தன் மகளிடம் சொன்னாள்: "முன்ன அங்கன அழகான தெரு இருந்துச்சாம். ஓவர்சியர் ஒருத்தன் லஞ்சம் வாங்கிட்டு அழிச்சிட்டானாம்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.