யார் பேருக்கு அர்ச்சனை?

போன செவ்வாய்க்கிழமை வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் திருதிருவென்று விழித்தேன். எட்டாவதில் கணக்கு டீச்சர் முன்னால் விழித்ததற்குப் பிறகு, இப்போதுதான் அப்படி.

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் மாடி ரூமில் ஓர் அசாம் பெண் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறாள். கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. அன்று காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்; சீட்டு எழுத அவளே ஆதாரை நீட்டினாள். குடல்வாலாம்... உடனே ஆபரேஷனாம். அவள் அம்மா ரயிலேறி வந்து சேரவே மூன்று நாளாகும். அதுவரை அவளுக்காக வேண்டிக்கொள்ள இங்கே யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரரை அவளோடு விட்டுவிட்டுத் தேங்காய், பழத்தோடு கோயிலுக்கு ஓடினேன்.

தட்டை வாங்கிய குருக்கள், "பேரு?" என்றார்.

"லட்சுமி."

சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. அது நான் வைத்த பெயர். ரூம் பார்க்க வந்த அன்றே அவள் தன் பெயரைச் சொன்னாள். நான்தான், "அதெல்லாம் நம்ம வாய்ல நுழையாது கண்ணு. லட்சுமின்னு கூப்டுறேன். வூட்டுக்கும் ராசி" என்றேன். அவள் கொடுத்த ஆதார் ஜெராக்ஸைப் படிக்காமலே பீரோவில் போட்டுப் பூட்டினேன். எங்கள் தெருவில் மட்டும் நாலு லட்சுமி. முருகன் எந்த லட்சுமியின் வயிற்றைப் பார்ப்பார்?

"சாமி, அவ நெஜப் பேரு வேற. எனக்கு ஞாபகம் இல்ல."

"கோத்திரம், நட்சத்திரம் தெரியலேன்னாகூட சமாளிச்சுடலாம். பேரே தெரியலேன்னா? சுவாமி பேருக்கே பண்ணிடட்டுமா?"

"ஆபரேஷன் சாமிக்கு இல்லீங்களே?"

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். வெட்கத்தைப் பார்த்தால் ஆகுமா? வெளியே ஓடி வந்து அவளுக்கே போன் போட்டேன். நல்ல வேளை, இன்னும் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகவில்லை.

"ஏம்மா... உம் பேரு இன்னா?"

"அன்னிக்கே சொன்னேனே, ஆண்ட்டி."

"மறந்துட்டேன் கண்ணு. இப்ப சொல்லு, அர்ச்சனைக்கு."

"ஜுன்மோனி." வலியோடு மூச்சு வாங்கினாள். "பூரா சொல்லுங்க ஆண்ட்டி. மோனின்னு பாதி வேணாம்."

சந்நிதி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே போனேன். குருக்கள் ஒரே தடவையில் சொல்லிவிட்டார். நானும் சொல்லிப் பார்த்தேன் — அப்படியொன்றும் நுழையாத பெயர் இல்லை. வாயில் இடம் இருந்தது, எனக்குத்தான் மனசில்லை. கண்ணீர் வந்துவிட்டது. வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள்... அதில் பாதி மானக்கேடு.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. முருகன் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். கஞ்சியோடு மாடிக்குப் போய், பழக்கதோஷம், "லட்சுமி" என்று கதவைத் தட்டினேன். உள்ளே ஃபேன் ஓடுகிறது, போனில் பாட்டு ஓடுகிறது. பதில் மட்டும் இல்லை.

"ஜுன்மோனி..."

"வாங்க ஆண்ட்டி, கதவு திறந்துதான் கீது."

எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் ஓடி வருவதற்கு அவள் என்ன, முருகனா?