சித்தி விட்டுப் படித்த வரி

எண்பதுகளின் நடுவில், சேலையூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி வெளிநாட்டுப் படம் போடுவார்கள். அந்தத் திரைப்படச் சங்கத்தில் என் சித்தியும் உறுப்பினர். அம்மாவின் தங்கை, அஸ்தினாபுரத்தில் எங்களோடுதான் இருந்தாள். படத்துக்கு முன்னால் ஒருவர் எழுந்து, அதை எடுத்தவரைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டும் என்பது அங்கே வழக்கம். கூட்டமும் பொறுத்துக்கொள்ளும். படம் பார்க்க வேண்டுமே.

நான் நாலாவது படித்த வருஷம் அந்தப் பொறுப்பு சித்திக்கு வந்தது. படம் எடுத்தவர் ஒரு ஹங்கேரிப் பெண்மணி. சித்தி ஒரு வாரம் எழுதி எழுதி அடித்தாள். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவாள். எனக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும் என்பது அவள் நம்பிக்கை. அந்தப் பெண்மணி சிறுமியாக இருந்தபோது அரசாங்க ஆட்கள் வந்து அப்பாவை அழைத்துப் போய்விட்டார்கள். பிறகு அம்மாவும் இறந்து, யார் வீட்டிலோ வளர்ந்தார். சினிமா படிக்கப் போனால், பெண்ணுக்கு எதற்குக் கேமரா என்றார்கள். வருஷக்கணக்கில் சின்னச் சின்ன ஆவணப் படங்களாக எடுத்து, கடைசியில் அந்த நாட்டிலேயே முழுநீளப் படம் இயக்கிய முதல் பெண் என்று பெயரெடுத்தார்.

எனக்கு இதில் ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. “அவங்க அப்பா திரும்பி வந்தாரா சித்தி?”

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. “வந்துட்டாரு,” என்றாள் சித்தி.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் அப்பாவும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலைக்குப் போனவர்தான். பம்பாயில் பெரிய வேலை, கடிதம் போடக்கூட நேரமில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அதை வகுப்பில் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஞாயிறன்று நான் முன்வரிசை. சித்தி நன்றாகத்தான் படித்தாள். அப்பாவைப் பற்றிய இடம் வந்ததும் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தாளைப் புரட்டிக் கேமராவுக்குத் தாவிவிட்டாள். அவள் முடித்ததும் சங்கச் செயலாளர் எழுந்தார். விஷயம் தெரிந்தவர், தெரிந்ததைச் சொல்லாமல் விடவும் மாட்டார்.

“மேடம் மெயினான ஒண்ணை விட்டுட்டாங்க. அவங்க அப்பா திரும்பி வரவே இல்ல. செத்துட்டாருன்னு அந்தப் பொண்ணுகிட்ட யாருமே சொல்லல. வருவாரு, வருவாருன்னே சொல்லி வளத்தாங்க. இவங்க எடுத்த படமெல்லாம் அந்தக் கோபத்துல எடுத்ததுதான்.”

படம் ஓடியது. எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. சித்தி என் கையைப் பிடிக்க வந்தாள், இழுத்துக்கொண்டேன். பஸ்ஸிலும் அவளோடு பேசவில்லை. என்னிடம் போய் பொய் சொல்லிவிட்டாளே என்று அழுகை அழுகையாக வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மாவிடம் கோள் மூட்டினேன். “சித்தி பொய் சொல்லிடுச்சும்மா. அவங்க அப்பா வரவே இல்லியாம். அந்தப் பொண்ணு பாவம், எத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்துச்சோ. யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லியிருக்கலாம் இல்ல?”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, இன்னிக்கே சொல்லிடலாம்க்கா,” என்றாள் சித்தி. அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். முகம்கூடத் தெரியாத ஒரு ஹங்கேரிக்காரிக்காக யாராவது இப்படி அழுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சித்தி மேலிருந்த கோபம்கூடப் போய்விட்டது. அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்து, “அழாதம்மா, நம்ம அப்பா தீபாவளிக்கு வந்துடுவாருல்ல,” என்று நான்தான் தேற்றினேன்.