ஜோடி டிரான்ஸ்மிட்டர்

லிஃப்ட் மெக்கானிக்கை அவருடைய கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘பாப்போம்’தான். டீ குடிக்கப் போகலாமா என்றால், பாப்போம். நாளைக்கு லீவா என்றால், பாப்போம். வேலையில் அது நல்ல குணமாகவே இருந்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றால், மற்ற மெக்கானிக்குகள் போன வேகத்தில் எதையாவது கழற்றுவார்கள். இவர் மோட்டார் அறையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, கயிறு ஓடும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் கருவிப் பையைத் திறப்பார். அவர் கை வைத்த லிஃப்ட் சீக்கிரத்தில் மறுபடி நிற்காது.

வீட்டில் அதே குணம் வேறு மாதிரி வேலை செய்தது. கல்யாணப் பேச்சு நடந்தபோது, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று பெண்ணின் தாய்மாமா கேட்டதற்கும் அவர் வாயில் அந்தச் சொல்தான் வந்தது. மாமா முகம் சிவந்து எழுந்துவிட்டார். உள்ளேயிருந்து பெண்தான் சொன்னாள்: “அவர் பாத்துக்கிட்டே இருக்கட்டும் மாமா. நான் பாத்து முடிச்சிட்டேன்.”

அவள் ஒரு பேக்கரியில் கேக் அலங்கரிப்பவள். கிரீம் நிரம்பிய பையைக் கையில் பிடித்துக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் ஒரு ரோஜா விழும். அடுத்ததும் அச்சில் வார்த்தது போல அப்படியே விழும். கேக் வாங்க வருகிறவர்கள் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கையையே வேடிக்கை பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் மாடல் விமானம் ஓட்டுவார். லேசான மரத்தில் அவரே ஒட்டிச் செய்த விமானங்கள். ஊருக்கு வெளியே, பூட்டிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி. அங்கே அவரைப் போலப் பத்துப் பேர் கூடுவார்கள். அவளும் ஒரு மடக்கு நாற்காலியும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு உடன் போவாள். முதலில் புத்தகம் படித்தாள். பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வானத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

“இன்னிக்கு மூக்கைத் தூக்கிட்டே போகுதே. முன்னால கனம் பத்தலையோ?” என்று ஒரு நாள் கேட்டாள்.

அவர் விமானத்தை இறக்கிப் பார்த்தார். உள்ளே பேட்டரி நழுவிப் பின்னால் போயிருந்தது.

“உனக்கெப்படித் தெரிஞ்சுது?”

“கேக்கும் அப்படித்தாங்க. ஒரு பக்கம் கிரீம் ஏறினா மறுபக்கம் சாயும்.” கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள், “எனக்கும் ஓட்டச் சொல்லித் தாங்களேன்.”

அன்று அவருக்கு வந்த சந்தோஷம் உண்மையானது. அதைப் பின்னால் நினைக்கும்போதுதான் அவருக்கு மனசு அதிகம் வலித்தது.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க இரண்டு டிரான்ஸ்மிட்டர் வேண்டும். தரையில் நின்று விமானத்தை ஆட்டி வைக்கும் கைப்பெட்டி அது. இரு கட்டைவிரலுக்கும் இரண்டு குச்சிகள் இருக்கும். கற்பவர் பெட்டியையும் கற்பிப்பவர் பெட்டியையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால், கற்பிப்பவர் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை விமானம் கற்பவரின் கையில் இருக்கும். தடுமாறினால் பொத்தானை விட்டுவிடலாம்; விமானம் கற்பிப்பவர் கைக்கு வந்துவிடும். மெக்கானிக்கிடம் இருந்த பழைய பெட்டியில் கேபிள் செருக இடமே இல்லை. ஆகவே புதிதாக ஒரு ஜோடி வாங்குவதென்று முடிவாயிற்று.

இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நாலைந்து பெட்டிகளை மேசையில் பரப்பினார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, நடுவில் இருந்த சாம்பல் நிறப் பெட்டியை மட்டும் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டாள்.

“இது கைக்கு அடக்கமா இருக்கு. இதையே எடுத்துக்கலாங்க.”

“அவசரப்படாத. இதுக்கு நம்ம விமானத்துல இருக்கற ரிசீவர் ஒத்துப்போகுமான்னு பாக்கணும். ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சேனல் வேணும், இதுல கம்மியா இருக்கு. நாளைக்கு இறக்கை மடிப்பு, சக்கரம்னு சேத்தா எங்க போறது?”

“நாளைக்குத் தானே?”

“ஒண்ணுன்னா பரவால்ல. ஜோடியா வாங்கறோம். தப்பா வாங்கினா ரெண்டும் தப்பு.”

கடைக்காரர் சிரித்தார். “எல்லாரும் எங்கிட்ட பெட்டி வாங்கிட்டுப் போவாங்க. அண்ணன் சந்தேகத்தை வாங்கிட்டுப் போறார். அதுக்கு நான் பில் போடறதில்ல.”

அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்று அது சிரிக்கக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் படிக்கத் தொடங்கினார். ஒரு பெட்டிக்கு எட்டும் தூரம் அதிகம், ஆனால் குச்சி தளர்வு. இன்னொன்றில் குச்சி அருமை, ஆனால் பேட்டரி நிற்காது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்த நேரத்தில் அதன் புது மாடல் வரப்போகிறது என்று கேள்விப்பட்டார். புது மாடல் வந்தது. முதலில் வாங்கியவர்கள் குறை சொன்னார்கள். குறை சரியாகட்டும் என்று காத்திருந்தார். சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் அவளிடம் விவரமாகச் சொல்வார். அவளும் கேட்டுக்கொள்வாள். கல்யாணம் பண்ணிப்பார், வீட்டைக் கட்டிப்பார் என்பார்கள். இவர் டிரான்ஸ்மிட்டர் தேடுவதைப் பார்த்தால் அந்த இரண்டும் சுலபம் என்று அவள் பேக்கரியில் சொல்லிச் சிரிக்க வைப்பாள்.

மைதானத்துக்கு வரும் தபால்காரர் ஒருவர், மெக்கானிக்கை அண்ணன் என்றும் அவளை அண்ணி என்றும் அழைப்பவர். ஒரு ஞாயிறு அவர் கையில் இரண்டு பெட்டிகளோடு வந்தார்.

“அண்ணி, என் தங்கச்சிக்கு இதுலதான் சொல்லிக் கொடுத்தேன். நீங்க பிடிங்க. மேல போனதும் உங்க கைக்கு விடறேன்.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கிவிட்டாள். மெக்கானிக் குறுக்கே வந்தார்.

“வேணாம்பா. உன் பெட்டியில வேகம் கூட்டற குச்சி வலது கையில இருக்கு. நான் ஓட்டறது இடது கை. முதல்ல எந்தக் கை பழகுதோ அதுதான் கடைசி வரைக்கும். இவளுக்கு நான் ஒழுங்கா சொல்லித் தரேன்.”

“ஒரு ரவுண்டுதானே அண்ணே.”

“பழக்கம் கெட்டுப் போயிடும்.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அவள் முதன்முதலாகப் பறக்கவிடும்போது பக்கத்தில் நிற்பது தானாக இருக்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. அதை அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அவளுக்குப் பிடித்திருக்கும். சொல்லவில்லை. அவள் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றினாள். அதற்குப் பிறகு அவளாக விமானப் பேச்சை எடுக்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

வருஷங்கள் ஓடின. ஒரு குளிர்காலத்தில், காலை வேளைகளில் அவள் சூடான டம்ளரை இரு கையாலும் பொத்திக்கொண்டு நெடுநேரம் நிற்பதை அவர் பார்த்தார். குளிருக்கு என்று நினைத்தார். பிறகு ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறந்து தரச் சொன்னாள். பிறகு ரவிக்கை ஊக்கை மாட்டச் சொன்னாள். பேக்கரியில் ரோஜாக்களின் இதழ் கோணியது. முதலாளி வேறொரு பெண்ணைப் பக்கத்தில் நிறுத்தினார். டாக்டர் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, முடக்குவாதம் என்றார். கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

மறுநாள் மெக்கானிக் வேலைக்குப் போகவில்லை. கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

“கைக்கு அடக்கமா ஒரு ஜோடி குடுங்க.”

“எத்தனை சேனல்ல அண்ணே?”

“எத்தனை இருந்தாலும் சரி.”

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, கேலி பேசாமல் எடுத்துக் கட்டிக் கொடுத்தார்.

அவளுக்கான பெட்டியின் முதுகை அவர் திறந்து, குச்சிகளைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகளை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தினார். ஞாயிறன்று விமானத்தை உயரத்துக்குக் கொண்டுபோய், பொத்தானை அழுத்தி, “இப்ப உன் கையில இருக்கு” என்றார்.

அவளுடைய இடது கட்டைவிரல் குச்சியைத் தள்ளியது. வலது கட்டைவிரல் மடங்கியே இருந்தது. அதனால் உள்ளங்கை ஓரத்தால் அழுத்தினாள். விமானம் குடைசாய்ந்தது. அவர் பொத்தானை விட்டு நிமிர்த்தினார். மறுபடி கொடுத்தார். மறுபடி சாய்ந்தது. ஒரே ஒரு முறை அது அவள் நினைத்தபடி அகலமாக ஒரு வளைவு போனது. அந்த வளைவு அத்தனை சீராக, அத்தனை நிதானமாக இருந்தது. தபால்காரர் தன் விமானத்துக்குப் பேட்டரி மாட்டுவதை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார். நோவு வருமுன் இந்தக் கை எப்படி ஓட்டியிருக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அடுத்த திருப்பத்தில் அவள் மூச்சை இழுத்துக் கையை உதறினாள்.

“போதுங்க. நீங்க இறக்கிடுங்க.”

“இன்னும் கொஞ்சம் ஸ்பிரிங் தளத்தலாம். அடுத்த வாரம்—”

“விரல் வளையலைங்க. ஸ்பிரிங் என்ன பண்ணும்?”

மருந்தில் வலி குறைந்தது, விரல்கள் திரும்பவில்லை. பேக்கரியில் அவள் இப்போது முன்பக்கம் நின்று ஆர்டர் எடுக்கிறாள். மைதானத்துக்கு வருவது மெல்லக் குறைந்து நின்றது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பிறகு காரணம் சொல்வதையும் விட்டாள். அவர் தனியாகப் போய் சீக்கிரமே திரும்பிவிடுவார். அவருடைய பெட்டி மட்டும் பழகித் தேய்ந்தது. அவளுடையதன் திரையில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் உரிக்கவில்லை.

ஒரு நாள் மாலை, அவளுக்குத் தலை சீவிப் பின்னிவிட்டுக் கொண்டிருந்தபோது அவர் கேட்டுவிட்டார். அவர் பின்னல் போடக் கற்றுக்கொண்டு சில மாதங்கள் ஆகியிருந்தன.

“என் மேல கோவமா?”

“எதுக்கு?”

“அன்னிக்கு தபால்காரர் குடுத்தப்ப ஓட்ட விட்டிருக்கலாம்.”

அவள் கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கோவம் இல்லைங்க. ஆசை இருந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு. அப்புறம் போயிடுச்சு.”

பின்னல் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. அவர் அதை அவிழ்த்து முதலிலிருந்து போட்டார்.