ஓடாத கார் என்று ஊர் நம்பியது

போன வருடம், நயினாதீவுத் திருவிழாக் காலத்தில், புங்குடுதீவு மடத்துவெளியில் என் வீட்டு வாசலில் நடந்தது இது. இதுவரை இரண்டு பேருக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டு பேரும் அதற்குப் பிறகு என்னோடு பழையபடி கதைப்பதில்லை. பெயர் போடாமல் எழுதலாம் என்பதால் மூன்றாவதாக உங்களுக்குச் சொல்கிறேன்.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரே மகன் கனடாவில். அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது உதவிக்கு ஆறு மாதம் என்று சொல்லிவிட்டு மனைவி போனார். ஆறு மாதம் ஒரு வருடமாகி, இரண்டாவது பேரனும் பிறந்து, இப்போது மூன்றாவது வருடம் நடக்கிறது. வீட்டையும் வளவையும் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்பதால் நான் நின்றுவிட்டேன். எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், பாதி வீடுகளுக்குப் பூட்டுத் தொங்குகிறது. எங்கள் வீட்டுக்கு மட்டும் பூட்டுக்குப் பதிலாக என்னை விட்டுப் போயிருக்கிறார்கள் என்று நானே பகிடியாகச் சொல்வதுண்டு. சிரிக்கத்தான் ஆள் இல்லை.

கார் வாங்கும் யோசனை மகனுடையது. வருகிற கோடையில் எல்லோரும் வருகிறோம், வாடகை வானுக்கு அலைய வேண்டாம், பிள்ளைகளோடு வசதியாக இருக்கிற மாதிரி ஒரு நல்ல குடும்பக் காராகப் பார்த்து வாங்கி வையுங்கோ என்றான். கொழும்பில் யாரோ ஓடிய யப்பான் கார். வெள்ளை நிறம். ஊருக்குப் பழசு, எங்களுக்குப் புதிசு. ஐம்பத்தொன்பதாவது வயதில் லைசென்ஸ் எடுத்தேன். கோடை வந்தது. சின்னவனுக்குச் சுகமில்லை, பிறகு ரிக்கற் விலை ஏறிவிட்டது, பிறகு பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. கார் மட்டும் சொன்ன சொல் தவறாமல் வந்து வாசலில் நின்றது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். கார் வாங்கிப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். வாங்கி இரண்டாவது கிழமையே காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுத்தது. கராஜ்காரர் பற்றரி என்றார், மாற்றினோம். பத்து நாள் ஓடியது, திரும்பவும் படுத்தது. பிறகு ஏசியிலிருந்து தண்ணீர் கால்மாட்டில் ஒழுகியது. ஒரு பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது, மழைக்குச் சாக்குப் போட்டு மூடினேன். எஞ்சின் விளக்கு நினைத்த நேரம் எரியும், நினைத்த நேரம் அணையும். ஓட்டோ கியர் என்பதால் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் ஏலாது.

ஒருநாள், தீவையும் வேலணையையும் இணைக்கிற கடல் றோட்டான தாம்போதியின் நடுவில் வைத்து நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேலே வெய்யில், ஒதுங்க ஒரு பற்றை நிழல் கூட இல்லை. பின்னால் வந்த பஸ்சிலிருந்து ஏழெட்டுப் பேர் இறங்கி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். ஒரு அம்மா தன் தண்ணீர்ப் போத்தலைத் தந்து, ஏன் இந்த வெய்யிலுக்குள் தனிய வெளிக்கிட்டீர்கள் என்று உரிமையோடு ஏசினார். என்னை யாரும் ஏசி வெகுநாள் ஆகியிருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து மனைவிக்கு அந்தக் கதையைச் சொன்னேன். வழக்கமாக எங்கள் பேச்சு, சாப்பிட்டாச்சோ, மருந்து குடிச்சாச்சோ, சரி வைக்கட்டே என்பதோடு முடியும். அன்று அரை மணித்தியாலம் கதைத்தார். சிரித்தார். மகன் போனை வாங்கி, என்ன சத்தம் வந்தது, எந்த விளக்கு எரிந்தது, வீடியோவில் காட்டுங்கோ என்று துருவித் துருவிக் கேட்டான். அவனும் நானும் அவ்வளவு நேரம் கதைத்தது அவன் ஊரில் இருந்த காலத்திலும் இல்லை.

பக்கத்து வளவில் ஒரு குடும்பம். அவர் கடற்றொழில் செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், போட் எஞ்சின் கழற்றிப் பூட்டிய அனுபவம் உள்ளவர். கார் சத்தமில்லாமல் நிற்கிறது என்று தெரிந்தால் வலை பொத்துகிற வேலையை விட்டுவிட்டு வருவார். பொனற்றைத் தூக்குவார், வயர்களை ஒவ்வொன்றாக அசைப்பார். அவர் மனைவி வேலிக்கு மேலால் தேத்தண்ணி நீட்டுவார். அந்த நேரங்களில் என் வாசலில் மனிதக் குரல் கேட்கும்.

பிறகு, வேலணையில் ஒரு கெட்டிக்கார மெக்கானிக் பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். உப்புக் காற்றில் ஒரு எர்த் வயர் அரித்துப் போயிருந்திருக்கிறது. ஸ்டார்ட் எடுக்காததுக்கும் விளக்குக் குழப்பத்துக்கும் அதுதான் காரணம். மாற்றிவிட்டு, "இனி இது உங்களுக்கு முன்னம் சாகாது அண்ணை" என்றார். போகிற போக்கில், இனி நின்றால் முதலில் இதைப் பாருங்கோ என்று ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பெட்டியைத் திறந்து, ஸ்டார்ட்டருக்கான பியூசைக் கழற்றிக் காட்டினார். சுண்டுவிரல் நகமளவு சாமான், அது இல்லாவிட்டால் கார் ஸ்டார்ட் எடுக்காது.

அதன்பிறகு கார் மிக நன்றாக ஓடியது. எனக்குப் போக இடம்தான் இருக்கவில்லை. மனைவியின் அழைப்பு இரண்டு நிமிடத்துக்குத் திரும்பியது. மகன் கிழமைக்கு ஒருதரம் ஆனான். பக்கத்து வளவுக்காரர் ஒழுங்கையால் போகும்போது, கார் எப்படி என்று கேட்பார். நல்லா இருக்கு என்பேன். சந்தோசமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நல்லா இருக்கு என்ற சொல்லுக்குப் பிறகு கதைக்க ஒன்றும் இல்லை என்பதை அப்போதுதான் கண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கோயிலால் வருகிற நேரம் பார்த்து, அந்தப் பியூசைக் கழற்றி சேர்ட் பொக்கற்றுக்குள் போட்டேன். ஏன் செய்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சும்மா என்றுதான் சொல்லியிருப்பேன். அவர் வந்தார். ஒரு மணித்தியாலம் நின்றார். தேத்தண்ணி வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பிக் குடிக்கும்போது நான் சீற்றில் இருந்து குனிந்து பியூசைப் போட்டுவிட்டுத் திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் பிடித்தது.

"உம்மட கைராசி தம்பி" என்றேன்.

அவருடைய முகத்தில் வந்த பெருமையை இப்போதும் மறக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். ஊரிலும் சொன்னார். கராஜ்காரருக்கே பிடிபடாத காரை அவர் தொட்டால் ஸ்டார்ட் எடுக்கும் என்று கதை பரவியது. அன்றிரவு மகன் முக்கால் மணித்தியாலம் கதைத்தான்.

ஒருமுறை என்று தொடங்கியது, பிறகு பத்து நாளைக்கு ஒருதரம், பிறகு கிழமைக்கு ஒருதரம் என்று வந்தது. இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். என் காரை எண்ணிக் கவலைப்பட ஐந்தாறு பேர் இருந்தார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

திருவிழாக் காலம் வந்தது. அந்தச் சனிக்கிழமை காலையும் பியூஸ் என் பொக்கற்றில்தான் இருந்தது. கார் திரும்பவும் படுத்துவிட்டது என்று முதல்நாளே ஒழுங்கைக்குச் சொல்லியாகிவிட்டது. காலை எட்டு மணி இருக்கும், கனடாவில் அப்போது இரவு. மகன் வேலை முடிந்து வந்து வீடியோவில் எடுத்தான். நான் கேற்றுக்கு முதுகைக் காட்டி, போனைப் பொனற்றுக்குள் பிடித்து ஒவ்வொரு வயராகக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் ஏதோ இணையத்தில் வாசித்து வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒழுங்கைப் பக்கம் யாரோ ஓடுகிற சத்தமும் ஒரு பெண் குரலும் கேட்டது. திருவிழாச் சனம் என்று நினைத்தேன். மகனை இடையில் நிறுத்த மனம் வரவில்லை.

போனை வைத்துவிட்டு கேற்றடிக்கு வந்தபோது ஒழுங்கை முனையில் நாலைந்து பேர் நின்றார்கள். பக்கத்து வளவுக்காரர் கிணற்றடியில் விழுந்துவிட்டாராம். ஒரு பக்கம் இழுத்து, வாய் கோணி, கதைக்க ஏலாமல் போய்விட்டதாம். ஓட்டோக்கள் எல்லாம் நயினாதீவுக்குப் போகிற சனத்தை ஏற்றக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்விட்டன. அம்புலன்சும் தூரத்திலிருந்து வரவேண்டும் என்றிருக்கிறது. அங்குமிங்கும் ஓடி, கடைசியில் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு நின்ற லொறியைக் கெஞ்சி, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் அவரைப் படுக்கவைத்து யாழ்ப்பாணம் கொண்டுபோயிருக்கிறார்கள். முக்கால் மணித்தியாலம் போய்விட்டதாம். அந்த முக்கால் மணித்தியாலமும் என் கார் அவர் வீட்டிலிருந்து முப்பது அடி தூரத்தில் நின்றது.

நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படிப் போனேன் தெரியுமா, பஸ்சில். காரை எடுத்தால் எப்படித் திருந்தியது என்று கேட்பார்களே என்று பயம். அந்த நேரத்திலும் நான் என்னைத்தான் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையில் எனக்கு அதிகம் வெட்கமான இடம் அதுதான்.

வார்ட்டுக்கு வெளியே அவருடைய மனைவி நின்றார். அந்த முக்கால் மணித்தியாலம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பாதிப்புக் குறைந்திருக்கலாம், ஆனால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னார்:

"முதல் உங்கட கேற்றடிக்குத்தான் ஓடி வந்தனான் அண்ணை. கார் பழுதெல்லோ எண்டு அங்க வந்துதான் ஞாபகம் வந்தது. உங்களையும் ஏன் கரைச்சல்படுத்துவான் எண்டு அங்கால ஓடிட்டன்."

என் கை தானாகப் பொக்கற்றுக்குப் போனது. துணிக்கு மேலால் அந்தச் சின்னச் சாமான் தட்டுப்பட்டது. அவர் என் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, அழாதேங்கோ அண்ணை என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

அவர் உயிர் தப்பி வீட்டுக்கு வந்தார். பேச்சும் நடையும் அரைகுறையாகத் திரும்பின, வலது கை இயங்கவேயில்லை. வலை இழுக்க ஏலாது, போட்டை விற்றுவிட்டார்கள். கார் திருந்திவிட்டது என்று ஊருக்கு இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் நானே அவரை ஆஸ்பத்திரியில் கை கால் பயிற்சிக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோகத் தொடங்கினேன். அவர் முன் சீற்றில் எனக்குப் பக்கத்தில் இருப்பார், மனைவி பின்னால். ஒவ்வொரு முறையும் இறங்கும்போது, நீங்கள் இல்லாட்டி என்ன செய்வம் அண்ணை என்று குழறிக் குழறிச் சொல்வார். அந்த நன்றியை என்னால் தாங்க முடியவில்லை. ஊரே என்னைப் புண்ணியவான் என்றது.

இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி வரவில்லை, நாங்கள் இரண்டு பேரும்தான். தாம்போதிக்கு ஏறியதும், றோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பியூஸ், பொக்கற், மகனின் போன், அந்தச் சனிக்கிழமை, ஒன்றும் விடவில்லை. ஏசுவார் என்று நினைத்தேன், காரை நிற்பாட்டச் சொல்லுவார் என்று நினைத்தேன். வேலணை வந்துவிட்டது. பிறகு மெல்ல, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்:

"அப்ப... ஒருநாளும் நான் ஸ்டார்ட் பண்ணேல்லையோ அண்ணை?"

"இல்லைத் தம்பி."

கை போனதற்கு அவர் என்னைக் கணக்குக் கேட்கவே இல்லை. மடியில் கிடந்த அந்தக் கையை இடது கையால் எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார்.

அடுத்த செவ்வாய் காரை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர்கள் என் கேற்றைத் தாண்டி பஸ்சுக்கு நடந்து போனார்கள். அவர் நடக்கிற நடைக்கு பஸ் தரிப்பிடம் அரை மணித்தியாலத் தூரம். வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்த கிழமை நல்ல மழை. நான் குடையோடு போய் அவர்கள் வாசலில் நின்றேன். வந்து ஏறினார்கள். அவர் முன் கதவைத் திறக்கவில்லை. மனைவியோடு பின்னால் போய் இருந்தார். இன்றுவரை அப்படித்தான் வருகிறார்கள். நன்றி சொல்வதில்லை. வேலிக்கு மேலால் தேத்தண்ணியும் வருவதில்லை.

என் மனைவிக்கும் சொன்னேன். "இவ்வளவு தனியாயோ இருந்தனீங்கள்" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு காரைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. பேச்சு முன்பைவிடக் குறைந்துவிட்டது. மகனுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். ஆகவே அவன் இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் எப்படி அப்பா என்கிறான், நல்லா இருக்கு என்கிறேன்.

அவர் என்னை மன்னித்துவிட்டாரா, அல்லது வேறு வழியில்லாமல்தான் வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதி எனக்கில்லை. உதவி கேட்டு வந்தவனை இல்லையென்று திருப்பி அனுப்பிய பாவிகளைப் பற்றி எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன், ஆனால் கேற்றடி வரை ஓடி வந்த ஒருத்தியைக் கேட்காமலே திரும்பிப் போக வைத்த என்னை எந்த இடத்தில் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.