ஈ தின்ற வாழ்த்து

அபூசாலிக் காக்கா யாரையும் நம்பாத மனிசன். கல்முனையில் இதை ஒரு குறையாக யாரும் சொல்வதில்லை. ஆள் கொஞ்சம் நெட்டை, கொஞ்சம் கறுப்பு, யாரையும் நம்பமாட்டார், அவ்வளவுதான். வீட்டைப் பூட்டிச் சந்திவரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை ஆட்டிப் பார்ப்பார். மீன்காரன் நிறுத்துக் கொடுத்ததை வீட்டில் ஒரு தராசில் மறுபடி நிறுப்பார். கடிதம் வந்தால், யார் எழுதியது என்று பார்க்க முந்தி ஒட்டின இடத்தைத் தடவுவார், யாராவது பிரித்து வாசித்துவிட்டு ஒட்டினானோ என்று. "இந்த மனிசன் எங்கட கலியாணப் பதிவையே மூணு தரம் வாசிச்சுப் போட்டுத்தான் கையெழுத்து வச்சவர்" என்பா அவர் பெண்சாதி நஸீறா. பகிடியில்லை, நடந்த கதை.

இருபது வருசம் நீதவான் கோட்டுக்கு முன்னால் தட்டெழுத்து மெசினோடு இருந்தவர். பெட்டிசம், காணி உறுதிப் பத்திரம், சத்தியக்கடதாசி. ஓரெழுத்துப் பிசகினால் ஒருவன் காணி இன்னொருவனுக்குப் போய்விடும். அந்தத் தொழில் அவரை இப்படி ஆக்கியதா, இப்படியானவர் என்பதால் அந்தத் தொழிலில் நிலைத்தாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டும்தான் என்று வையுங்களேன்.

தொண்ணூற்றெட்டில் ஸைனுலாப்தீன் ஹாஜியார் தன் கடைக்கு ஒரு கொம்பியூட்டர் கொண்டுவந்தார். வெளிநாட்டுக்கு டெலிபோன் கோல் எடுக்கவும் போட்டோக்கொப்பி அடிக்கவும் ஆட்கள் வரும் கடை அது. மகன் சியாம் டோஹாவில் வேலை. "வாப்பா, எங்கட ஊருக்கு ஒரு வெப் பக்கம் செய்யுங்க, இஞ்ச இரிக்கிற நம்மட ஆக்கள் பார்ப்பாங்க" என்று அவன்தான் ஆசை காட்டினான். ஹாஜியார் அபூசாலிக் காக்காவைப் பிடித்து அந்தக் கதிரையில் இருத்தினார். சியாம் அனுப்பிய ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதத்தில் காக்கா பக்கம் எழுதப் பழகிக்கொண்டார். எல்லாம் கையால். நோட்பேட்டைத் திறந்து, கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டுவார். கட்டளை ஒவ்வொன்றும் இந்தப்பக்கம் அம்பு முனை மாதிரி ஒரு கூர்க்குறி, அந்தப்பக்கம் ஒரு கூர்க்குறி, நடுவில் இருக்கும். குறிகளுக்குள் இருப்பதைக் கொம்பியூட்டர் செய்யும், பக்கத்தில் காட்டாது. காக்காவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. தான் தட்டாத ஓரெழுத்தும் உள்ளே இல்லை.

பிறகு பக்கத்துத் தமிழ் ஊரிலிருந்து குணம் கடைக்கு வேலைக்கு வந்தான். பாண்டிருப்புப் பொடியன் என்று சொல்ல வயது விடாது, முப்பத்திரண்டு, கலியாணம் கட்டினவன். கொழும்பில் படித்துவிட்டு, ஒரு சீடியில் புது மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் கட்டளை ஒன்றும் எழுதத் தேவையில்லை. படத்தை மவுஸால் இழுத்து வை, நிறத்தைத் தொடு, எழுத்தைத் தட்டு, பக்கம் தயார். கட்டளை எல்லாவற்றையும் அதுவே எழுதிக்கொள்ளும்.

"அதுவே எண்டா? ஆரு எழுதுற?" என்றார் காக்கா.

"மென்பொருள்தான் காக்கா."

"அது என்ன எழுதுது எண்டு நீ பாத்தியா?"

"அத ஏன் பாக்கணும்? பக்கம் வடிவா வருகுதுதானே."

அன்றைக்கே காக்கா, குணம் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் அவன் செய்த பக்கத்தை நோட்பேட்டில் திறந்து பார்த்தார். தான் பத்து வரியில் எழுதுவதை அது நூறு வரியில் எழுதியிருந்தது. தொண்ணூறு வரி எதற்கு? யாருக்காக? வாசிக்க விடாமல் ஒரு காணி உறுதியில் கையெழுத்துக் கேட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. அதோடு, தொண்ணூறாம் ஆண்டு நடந்த கொலைகளுக்குப் பிறகு அந்தக் கரையில் முஸ்லிம் ஆட்களும் தமிழ் ஆட்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கும் பார்வையே வேறு. பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஒரே ரோட்டுத்தான். இருந்தாலும் ஒரு தமிழன் முஸ்லிம் கடையில் வேலைக்கு வந்தான் என்றால் இரண்டு ஊரிலும் நாலு பேர் கதைத்தார்கள். காக்கா வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மனதில் இல்லை என்று நான் சொன்னால் அது பொய்.

நோன்புப் பெருநாள் வந்தது. ஹாஜியார் ஊர்ப் பக்கத்தில் வாழ்த்துப் போடச் சொன்னார். குணம் தன் மென்பொருளில் செய்தான். பச்சைக் கரை, பிறை, நடுவில் பெரிய எழுத்தில், "கடல் கடந்து வாழும் எம் உறவுகள் அனைவருக்கும் ஈத் முபாரக்." நல்ல வடிவு, குறை சொல்ல இடமில்லை. அவன் வீட்டுக்குப் போனதும் காக்கா கதவைச் சாத்திக்கொண்டு அதை நோட்பேட்டில் திறந்தார். தமிழுக்கு அப்போது பாமினி எழுத்துத்தான், இங்கிலீசு விசையைத் தட்டினால் அதற்கு ஒரு தமிழ் எழுத்தின் வடிவைப் போட்டுக் காட்டும். கட்டளைகளை இங்கிலீசில் பார்ப்பார், தமிழ் வரிக்கு வந்தால் காக்கா நோட்பேட்டையும் பாமினிக்கு மாற்றித்தான் வாசிப்பார். வரி வரியாகக் கீழே இறங்கி வாழ்த்துக்கு வந்தவர் திடுக்கிட்டுப்போனார். ஈத் என்று இருக்கவேண்டிய இடத்தில் "ரூடவ்த்" என்று இருந்தது.

ரூடவ்த் முபாரக். அல்லாஹ்வே, இது என்ன பாசை? வேறு எந்தச் சொல்லிலும் கை வைக்கவில்லை, சரியாகப் போய் ஈத் என்ற சொல்லில் வைத்திருக்கிறதே. காக்கா அந்த ரூடவ்வை அழித்தார், தன் விரலால் ஈ என்ற எழுத்தைத் தட்டினார், பக்கத்தை இணையத்துக்கு அனுப்பினார். இப்போதாவது தன் கண் பட்டதே என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விட்டார். பக்கத்தைத் திறந்து ஒருதரம் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் மறுதரம் பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான், அதுவும் தன் கையை நம்பி.

மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு டோஹாவிலிருந்து சியாமின் கோல். "வாப்பா, 'உறவுகள் அனைவருக்கும்' எண்டு போட்டிரிக்கி. அனைவருக்கும் என்ன? வாழ்த்து எங்க? இஞ்ச எல்லாரும் சிரிக்கிறாங்க."

கடையில் அப்போது தொழுகை முடிந்து வந்த நாலு பேர் நின்றார்கள், குணமும் இருந்தான். திறந்து பார்த்தால் உண்மைதான். பிறை இருக்கிறது, பச்சைக் கரை இருக்கிறது, ஈத் முபாரக்கை மட்டும் காணவில்லை. நோட்பேட்டில் திறந்தால் சொல் அங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறது.

"உள்ளுக்கு இரிக்கி, வெளியால தெரியல்ல" என்றார் காக்கா. "ராத்திரி இதே இடத்தில கண்ட பாட்டுக்கு வேறென்னமோ எழுதியிருந்திச்சு, நான்தான் திருத்தினன். மறைக்கச் சொல்லி உள்ளுக்க எங்கேயோ ஒளிச்சு வச்சிரிக்கி. நூறு வரியில எதுவெண்டு நான் கண்டனா?"

யார் ஒளித்தது என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவும் இல்லை. நாலு பேரும் கிறுகிக் குணத்தைப் பார்த்தார்கள். குணம் கிட்ட வந்து குனிந்து, நோட்பேட்டை ஒரு நிமிசம் பார்த்தான். காக்காவின் முகத்தைப் பார்த்தான். அந்த நாலு பேரையும் பார்த்தான். சீடியை எடுத்துச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனான். "கொஞ்ச நாளைக்கு வராத தம்பி" என்று ஹாஜியார் பின்னால் சொன்னது அவன் காதில் விழுந்ததோ என்னவோ.

காக்கா முழுப் பக்கத்தையும் அழித்துவிட்டுக் கையால் புதிதாக எழுதினார், "நோன்புப் பெருநாள் வாழ்த்துக்கள்" என்று. அச்சொட்டாக வந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? இரவு இஷாத் தொழுகைக்கிடையில் கதை பக்கத்து ஊர் சாய்ந்தமருது வரை போய்விட்டது, பாண்டிருப்பான் பெருநாள் வாழ்த்தை அழித்துப்போட்டான் என்று.

ஒரு மாதம் கழிய, மருதமுனையில் கைத்தறி வைத்திருந்த மீராசா தன் சாமான்களுக்கு ஒரு பக்கம் கேட்டு வந்தார். காக்கா தட்டினார், "கைத்தறிச் சாரன், ஈரிழைத் துவாய், மேசை விரிப்பு." பக்கத்தைத் திறந்தார். கைத்தறிச் சாரன், மேசை விரிப்பு.

"என்ட துவாய் எங்க?" என்றார் மீராசா.

காக்கா கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். துவாய் இல்லை. கடையில் குணம் இல்லை, அவன் சீடி இல்லை, பத்து வரியும் தன் கைப்பட எழுதியது. சந்தேகப்பட ஆளே இல்லை. மீராசாவை நாளைக்கு வரச்சொல்லிவிட்டு, எழுத்தை மாற்றிப் பாமினியை எடுத்துவிட்டு இங்கிலீசில் வைத்துப் பார்த்தார். ஈ இருந்த இடத்தில் ஒரு கூர்க்குறி நின்றது. கட்டளை தொடங்கும் அதே குறி. பாமினியில் ஈ எழுத்துக்கு விசை அதுதான். காற்புள்ளிக்கு விசை கட்டளையை முடிக்கும் குறி. ஈ தட்டியதும் கட்டளை தொடங்குகிறது என்று கொம்பியூட்டர் எடுத்துக்கொள்கிறது, அடுத்த முடிக்கும் குறி வரும்வரை கண்டதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. துவாயை விழுங்கியது. முபாரக்கையும் விழுங்கியது.

அப்படியென்றால் அந்த ரூடவ்? புத்தகத்தைப் புரட்டினார். பின்பக்கத்தில் இருந்தது. கூர்க்குறியைக் கட்டளையாக எடுக்காதே, வெறும் எழுத்தாகக் காட்டு என்பதற்கு நாலு எழுத்தில் ஒரு அடையாளம். பாமினியில் வாசித்தால் அதுதான் ரூடவ். குணத்தின் மென்பொருள் ஈத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது. அழித்தது அபூசாலி.

மனிசன் புத்தகத்தை மூடினார். வெட்கம் என்றால் அப்படியொரு வெட்கம்.

அவரைப் பற்றி நல்லது ஒன்று சொல்லவேண்டும். மூடி மறைக்கவில்லை. அந்த நிமிசமே ஹாஜியாரிடம் சொன்னார். "ஆறின கதை, விடுங்க" என்றார் ஹாஜியார். காக்கா விடவில்லை. அசர் தொழுதுவிட்டு வந்தவர்களில் அந்த நாலு பேரையும் பிடித்துச் சொன்னார், "பிழை என்ட கை. குணத்தில ஒரு குத்தமும் இல்ல." அவர்களில் ஒருவரான அப்துல் ஸமட் அவரை ஒரு பக்கமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினார். "காக்கா, உண்மையச் சொல்லுங்க. அவன்ட ஆக்கள் வந்து வெருட்டினாங்களா?"

காக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே பாண்டிருப்புக்குப் போனார். பத்து வருசமாகக் குணம் வீட்டுக்குப் போகும் அந்த ஒழுங்கைக்குள் அவர் போனதில்லை. தொப்பியோடு வரும் ஆளைச் சனம் வாசலுக்கு வந்து பார்த்தது. குணத்தின் மனைவி செல்லத்தங்கம் கதவைத் திறந்தா. இருங்க என்று சொல்லவில்லை. குணம் வெளியே வந்து கதிரை போட்டான்.

காக்கா ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றான் குணம். "குனிஞ்சு பார்த்த உடன கண்டன். ஈயைக் கையால தட்டியிருக்கிறீங்க எண்டு."

"மறுகா ஏன்டா சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

"நாளைக்கு வா தம்பி. ஹாஜியாரிட்டச் சொல்லிப்போட்டன். பக்கமெல்லாம் நீயே செய்."

"வாறன் காக்கா. இஞ்சயும் எனக்கு நல்ல பேரில்ல, அவங்கட கடைக்கு ஏன் போனாய், உனக்கு இது வேணும் எண்டுதான் கதைக்கிறாங்க. இருந்தாலும் வாறன். ஒண்டே ஒண்டு. நான் செஞ்சு முடிச்ச பக்கத்த நீங்க பிறகு திறந்து பாக்கக்கூடாது."

சம்மதம் சொல்ல ஓம் என்று ஒரு சொல். அதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் வந்தது. காக்கா வாயைத் திறந்தார். அந்த நூறு வரியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார்.

குணம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, அவருடைய சைக்கிளை ஒழுங்கைப் பக்கம் திருப்பி வைத்தான். "இருட்டுப்படப்போகுது காக்கா" என்றான்.