செல்வி என் முதுகில் சாய்ந்த பிற்பகல்

துஷாந்தி, நிரோஷன், நீங்கள் இரண்டு பேரும் இதைப் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுச் சிரியுங்கள். வீட்டில் ஒரு நாய் வளர்ப்போம் என்று நீங்கள் கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் ஏன் பதில் சொல்லாமல் எழும்பிப் போனேன் என்பதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி என்று யாராவது கதை தொடங்கினால் அந்த இடத்திலேயே நக்கலடிக்கிற ஆள் நான். லண்டன் மனோர் பார்க்கில் கல்லறைத் தோட்டத்துச் சுவரோரமாக விடியற்காலை வேலைக்கு நடந்து போவேன், ஒரு நாள்கூட நடையைக் கூட்டியதில்லை. இந்தச் சம்பவம் நடந்ததும் இரவில் இல்லை. சனிக்கிழமை, பகல் இரண்டு மணி. நான் குடித்திருக்கவில்லை, காய்ச்சலும் இல்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதம். துஷாந்தி, நீ அம்மாவின் வயிற்றில் ஆறு மாதம். நாங்கள் பிளேஸ்டோவில் ஒரு அறையில் இருந்தோம், நான் பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். அந்தக் காலத்தில்தான் அன்ரன் அண்ணையைத் தெரியும். மன்னார் ஆள், கத்தோலிக்கர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஷீலா என்கிற வெள்ளைக்காரப் பெண்ணைக் கலியாணம் செய்து, லண்டனின் கிழக்கு எல்லையில் ரெயினம் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டில் இருந்தார். ஷீலா அக்கா அவரிடமிருந்து தமிழ் பழகியவர், ஆனால் மரியாதைப் பேச்சை மட்டும் அண்ணை கற்றுக்கொடுக்கவில்லை. "அன்ரன், இஞ்ச வா, சாப்பிடு" என்று கூப்பிடுவார். "பாத்தியே, என்ர வீட்டிலை எனக்கு இவ்வளவுதான் மரியாதை" என்று அண்ணை சிரிப்பார்.

அவர்கள் இருவரும் அங்கே வைத்திருந்தது சாதாரண நாய்கள் இல்லை. ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்தவை. எடுப்புக் காட்டுவதற்காகக் குட்டியாக வாங்கி, வளர்ந்த பிறகு சமாளிக்க ஏலாமல் கராஜில் கட்டிப்போட்டு, கடைசியில் கைவிட்டுவிடுகிறவர்களிடமிருந்து எடுத்துவந்து காப்பாற்றுவார்கள். ஆறு இருந்தன. ஏழாவதாக வந்தவள்தான் செல்வி. பெயர் இல்லாமல் வந்தாள், அண்ணைதான் வைத்தார். கழுத்தைச் சுற்றிச் சங்கிலி அறுத்த தழும்பு, சாம்பல் நிறம், மஞ்சள் கண். மனிதரைக் கண்டால் கூட்டின் மூலைக்குப் போய்ச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள்.

அங்கே ஒரு முறை இருந்தது. பயந்த மிருகத்தை நாங்கள் தேடிப் போகக்கூடாது, அதன் கண்ணைப் பார்க்கக்கூடாது. கம்பிவேலிக்கு வெளியே, வேலியில் முதுகைச் சாய்த்து, பேசாமல் உட்கார வேண்டும். அது தானாக வந்து மணந்து பார்க்கும். வந்தாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் பட்ட பாடு முழுக்க வீண். வரும்போதும் பக்கத்துக் கேற்றால் நேரே கூட்டடிக்குப் போக வேண்டும், வீட்டுக்குள் போய் மற்ற நாய்களைத் தடவிவிட்டு அந்த மணத்தோடு போகக்கூடாது.

நான் விளையாட்டாகத்தான் தொடங்கினேன். உங்கள் அம்மாவுக்கு அது பிடிக்கவேயில்லை. "பொஞ்சாதிக்கு முகங்காட்ட நேரமில்லை, ஓநாய்க்கு முதுகு காட்டப் போறாராம்" என்பா. ஆனால் எனக்கு அந்த இடத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இந்த நாட்டில் என்னிடம் ஒன்றுமே கேட்காத இடம் அது ஒன்றுதான்.

எட்டு மாதம் அண்ணை ஒவ்வொரு நாளும் உட்கார்ந்தார். செல்வி வரவில்லை. நான் உட்காரும் நாட்களில் மட்டும் மூலையை விட்டுப் பாதித் தூரம் வந்து நிற்பாளாம், சமையலறை யன்னலால் பார்த்து ஷீலா அக்கா சொல்வார். "உன்ர முதுகிலை என்னடா இருக்கு? பாண் மணமோ?" என்று அண்ணை கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார், ஆனால் அந்த மனிதருக்கு அது உள்ளுக்குள் நோகும்.

தைமாதம் கூட்டைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவரின் கையைச் செல்வி கடித்துவிட்டாள். ஒரு மாதத் தவணை கொடுத்தார்கள். குறித்த சனிக்கிழமை மிருக வைத்தியர் வருவார், அவர் கண்முன்னே அவள் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் தானாக வர வேண்டும், வராவிட்டால் உயிரை எடுக்கிற ஊசி. அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, உன்னட்டைத்தான் வருவாள். காலமை ஒன்பதுக்கு நீ இஞ்ச நிக்கோணும்."

"ஓம் அண்ணை. கட்டாயம் வாறன்."

பிள்ளைகளே, நான் போகவில்லை. வெள்ளி இரவு ஷிப்ட் முடிகிற நேரம் சூப்பர்வைசர் வந்து, காலைக்கு ஆள் இல்லை, நின்று செய்கிறாயா என்று கேட்டான். எனக்கு அப்போது விசா இழுபறியில் இருந்தது, வேலை போய்விடுமோ என்கிற பயம் எப்போதும் இருந்தது, வெள்ளைக்காரன் ஒருவன் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. வைத்தியர் எப்போதும் பிந்தி வருகிற ஆள்தானே, காத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன் எடுத்துக்கூடச் சொல்லவில்லை. எடுத்தால் அண்ணை வா என்பார், அதற்கும் இல்லை என்று சொல்ல முடியாது.

காலை வேலையும் முடித்து, பகல் இரண்டு மணிக்கு பஸ்ஸால் இறங்கி ஓடினேன். பனிமூட்டம், புல் முழுக்க உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. முற்றத்தில் வைத்தியரின் கார் இல்லை. அப்பாடா, இன்னும் வரவில்லை என்று நினைத்தேன். முறைப்படி வீட்டுக்குள் போகாமல், யாரிடமும் பேசாமல், கூட்டுப் பக்கம் பார்க்காமல் குனிந்தபடி போய் வேலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

ஐந்து நிமிடம் இருக்கும். பின்னால் உறைந்த புல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. நாலு அடி வைக்கும், நிற்கும். திரும்ப நாலு அடி. பிறகு கம்பிக்கூடாக ஒரு மூக்கு என் தோள்பட்டைகளுக்கு நடுவில் வந்து தொட்டது. நம்பினால் நம்புங்கள், இரண்டு உடுப்புக்கும் மேலாலே அந்தச் சூடு தெரிந்தது. மூச்சு விடும்போது மெல்லிய விசில்போல ஒரு சத்தம், ஒவ்வொரு மூச்சுக்கும். முதலில் அவள் நடுங்கினாள், அந்த நடுக்கம் கம்பியால் என் முதுகுக்கு வந்தது. பிறகு நடுக்கம் நின்றது. அப்படியே முழுப் பாரத்தையும் என்மேல் சாய்த்தாள், கம்பி வந்து முதுகில் அழுந்தியது. நான் அழுதேன். எங்கள் வீட்டில் செத்தவீடு நடந்தபோதுகூட அப்படி அழுததில்லை. திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு தரம்கூட. "இந்தா வாறன் பிள்ளை, அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, மெல்ல எழும்பி, தலையைத் திருப்பாமலே வீட்டுக்கு ஓடினேன்.

சமையலறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். மேசையில் தேத்தண்ணி ஆடை படர்ந்து ஆறிப்போயிருந்தது.

"அண்ணை, வந்திட்டாள்! என்ர முதுகிலை சாய்ஞ்சவள்! டொக்டர் வந்தா இப்பவே காட்டலாம்!"

ஷீலா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"டொக்டர் வந்திட்டுப் போட்டார். பதினொரு மணிக்கு ஊசி போட்டாச்சு. கொட்டிலுக்கை கிடக்கிறாள், போய்ப் பார்."

"இல்லை அண்ணை, இப்ப..."

"பகிடியே விடுறாய்?" அவர் எழும்பிய வேகத்தில் கதிரை விழுந்தது. "எட்டு மாசம் மழையிலையும் பனியிலையும் குந்தியிருந்தனான். எனக்கு வரேல்லை. செத்த பிறகு உனக்கு வந்தவளோ?"

நான் அந்த விசில் சத்தத்தைச் சொன்னேன். மூச்சு விடும்போது கேட்டது என்றேன். அண்ணையின் முகம் மாறியது.

"அதை உனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கேட்டது."

செல்வியின் மூக்கெலும்பு எப்போதோ அடிபட்டு உடைந்து கோணலாகப் பொருந்தியிருந்ததாம். அதனால் மூச்சில் விசில் வருகிறது என்று, அவள் மயங்கிய பிறகு காதை வைத்துக் கேட்டு, வைத்தியர் அன்று காலைதான் சொன்னாராம். அதற்கு முன் அவள் மூச்சைக் கேட்கிற அளவுக்குப் பக்கத்தில் போனவர் யாரும் இல்லை.

அண்ணை வெளியே போனார். யன்னலால் பார்த்தோம். வெறும் கூட்டுக்கு முதுகைக் காட்டி, நான் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார். இருட்டும் வரைக்கும் இருந்தார். மற்ற ஆறும் ஒரு சத்தம் போடவில்லை. உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "வரேல்லை" என்றார். அவ்வளவுதான். நீ காலையில் வந்திருந்தால் என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. செத்துப்போகும் வரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

நித்திரை இல்லாத மனிதன், குற்ற மனசு, மற்ற நாய் ஏதாவது வந்திருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். மற்ற நாய்கள் அன்றைக்கு வேறு கூடுகளில் பூட்டிக் கிடந்தன. அடுத்த சனிக்கிழமை நான் அங்கே போனபோது அண்ணையும் அக்காவும் வீட்டில் இல்லை. நான் உட்கார்ந்த இடத்தில் கம்பி, என் தோள் உயரத்துக்கு, புடைத்து நின்றது. என் பாரத்தால் என்றால் கூட்டுக்குள்ளே அல்லவா புடைத்திருக்க வேண்டும்? வெளியே, என் பக்கமாகப் புடைத்திருந்தது. தான் செத்தது தெரியாமல் வந்தாளா, தெரிந்துகொண்டும் பிந்தி வந்தவனிடம் வந்தாளா, இன்றைக்கும் அதுதான் என்னை எழுப்பிவிடுகிறது.

கேற்றைத் திறந்து, முதன்முறையாக அந்தக் கூட்டுக்குள் போனேன். அவளுடைய தண்ணீர்ச் சட்டி உறைந்து கிடந்தது. குதிக்காலால் பனிக்கட்டியை உடைத்து வெளியே ஊற்றினேன். குழாயடியில் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.