பட்டுப் புடவை வேலி

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறந்த சமயம் அது. ஆரணியில் எங்களுக்குப் பட்டுத் தறி. வீட்டில் சில தறிகள் ஓடின; வெளியே நெய்பவர்களுக்குப் பாவுக்கும் ஊடைக்கும் பட்டு நூல் கொடுத்துப் புடவையாக வாங்குவதும் உண்டு. பிழைப்பு நன்றாகவே போனது. பிழைப்பு நன்றாகப் போனால் மனிதனுக்கு வேண்டாத ஆசைகள் வரும். எனக்கு வரவில்லை, என் மச்சானுக்கு வந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆசை முழுவதும் அவருடையது. அந்த ஆசையில் வாங்கிய நிலத்தின் பத்திரத்தில் பாதி மட்டும் என் பெயர்.

மச்சானுக்கு வேட்டைப் பைத்தியம். லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் முயல், கௌதாரி என்று எங்கேயாவது சுற்றிவிட்டு, பெரும்பாலும் வெறுங்கையோடு வருவார். கண்ணமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையைப் பார்த்து நடந்தால் வரும் காப்புக்காட்டை ஒட்டி ஒரு மேட்டு நிலம் விலைக்கு வந்தது. கல்லும் கள்ளியும் தவிர வேறு எதுவும் விளையாத நிலம். அதைப் பார்த்து ஆசைப்பட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

அவர் சொன்ன கணக்கு இதுதான். அடர்ந்த காட்டுக்குள் மானுக்குத் தின்னக் கிடைப்பது குறைவு. வெட்டவெளியில் ஒளிய இடம் கிடையாது. இரண்டும் சேருகிற ஓரத்தில்தான் அது வந்து நிற்கும். முயலும் கௌதாரியும் அப்படித்தான். அந்த ஓரத்தை நாமே உண்டாக்கிக் கொடுத்துவிட்டால், நாம் காட்டுக்குள் அலைய வேண்டியதில்லை, காடு நம்மிடம் வரும். வேலூரில் இருந்த வேட்டைக் கூட்டாளிகள் சொன்னதாம். மான் என்ற சொல் வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். மானைச் சுட்டால் கேஸ் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரியும்.

ஓரம் உண்டாக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். தெருவில் பாவு நூலை நீட்டிப் பழகியவன் நான். ஒரு இழை கோணினாலும் கண்ணை உறுத்தும். எனவே நிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முளை அடித்து, கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த புதர் அத்தனையையும் ஆள் விட்டு வெட்டினேன். அந்தப் பக்கம் காடு சுவர் மாதிரி நின்றது. இந்தப் பக்கம் பளிச்சென்று கட்டாந்தரை. அதில் உழுது கொள்ளு விதைத்தோம். பக்கத்து நிலத்துக் கிணற்றின் வடிகால் வந்து சேரும் பள்ளத்தை வெட்டி ஆழமாக்கிக் குட்டையாக்கினோம்.

அந்தப் பக்கத்து நிலம் ஒரு பெண்ணுடையது. முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கணவருக்குக் களம்பூரில் ரைஸ் மில்லில் வேலை; வாரத்துக்கு ஒருமுறை வந்து போவார். நிலத்திலேயே கொட்டாய் போட்டுக்கொண்டு, விவசாயம் முழுவதையும் அந்தப் பெண்ணே பார்த்தார். குட்டைக்குத் தண்ணீர் விடலாமா என்று கேட்டதற்கு, வீணாகப் போகிற தண்ணீர்தானே, வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்கள் கயிறு பிடித்து வெட்டிய கோட்டைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இன்னாங்கண்ணா, இந்தப் பக்கமா ரோடு வருதா?" என்றார்.

நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் மானுக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த வருடம் முழுக்க ஒரு வால்கூட வெளியே வரவில்லை. மச்சான் பரண் கட்டி உட்கார்ந்து பார்த்தார். மயில் வந்தது, ஊர் நாய் வந்தது. மான் காட்டுக்குள்ளேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய தடம் மட்டும் கிடந்தது. ஒரே எட்டில் மறைவிலிருந்து வெட்டவெளிக்கு வர அதற்குத் துணிச்சல் இல்லை. எனக்கோ அந்தக் கோட்டின் நேர்த்தியில் தனியாக ஒரு பெருமை இருந்தது.

அதன்பின் தீபாவளிப் புடவை ஆர்டர் வந்து கழுத்தைப் பிடித்தது. நிலத்தை மறந்தோம். அறுக்காத கொள்ளு தானே உதிர்ந்தது. நல்ல மழை பெய்தது. தீபாவளி முடிந்து போய்ப் பார்த்தபோது, என் கோடு இருந்த இடமே தெரியவில்லை. இலந்தையும் காரையும் உண்ணிச்செடியும் இங்கே ஒரு திட்டு, அங்கே ஒரு திட்டு என்று வயலுக்குள் நடந்து வந்திருந்தன. இடையிடையே கொள்ளு தானாக முளைத்துக் கிடந்தது. ஆடுகள் கடித்த இடம் புல்லாக இருந்தது. எது காடு, எது வயல் என்று சொல்ல முடியாதபடி கலைந்துபோன இடம். இந்தக் கோணலை யார் சரி செய்வது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மச்சான் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

ஒரு இலந்தைப் புதருக்குப் பின்னாலிருந்து மான்கள் வந்துகொண்டிருந்தன. புள்ளிமான்கள். ஒரு புதரிலிருந்து வெளியே வந்து, நாலு வாய் மேய்ந்து, அடுத்த புதரின் நிழலுக்குள் போய் நின்றன. புடவைக் கரையில் எத்தனையோ மான் நெய்திருக்கிறேன். உயிருள்ள மானை அவ்வளவு பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். என் மான்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும், கால்கள் எல்லாம் ஒரே அளவு. இவை அப்படி இல்லை. ஒன்று காதைத் திருப்பியது, ஒன்று பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மச்சான் அன்று சுடவில்லை. நன்றாகப் பழகட்டும் என்றார். அதன் பிறகு புரிந்துகொண்டு செய்தோம். கயிறு இல்லாமல், திட்டுத் திட்டாக வெட்டி, திட்டுத் திட்டாக விதைத்தோம். மான் கூட்டம் பெருகியது. கௌதாரிச் சத்தம் காலையில் காதை அடைக்கும். எங்கள் திறமையை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

தை மாதத்தில் ஒரு நாள், அந்தப் பக்கத்து நிலத்துப் பெண் பஸ் ஏறி ஆரணிக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை. அதிலிருந்து வேரோடு பிடுங்கிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடிகளை எடுத்துத் தறிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார். இலையெல்லாம் மழுங்கக் கடிக்கப்பட்டு வெறும் காம்பாக இருந்தன. எங்கள் கொள்ளு காய்ந்துவிட்டது. அவருடைய மல்லாட்டை கிணற்றுத் தண்ணீரில் பச்சைப் பசேல் என்று நின்றது. மானுக்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. வரப்பைத் தாண்டிவிட்டது. அந்தச் சாகுபடி ஒன்றுதான் அவர்களுக்கு வருடத்துச் சோறு. கால் பங்கு போய்விட்டது, மீதியும் போனால் நிலத்தை விட்டுவிட்டு மில்லுக்கே போக வேண்டியதுதான் என்று என் மனைவியிடம் சொன்னார். ராத்திரியில் மானை விரட்டத் தகரம் தட்டித் தட்டிக் கை காய்த்துப் போயிருந்தது. என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னார்.

"நீங்க பத்திரிக வெச்சிக் கூப்ட்டீங்கண்ணா. அதுங்க எங்கூட்டுப் பந்தில ஒக்காந்துகினு சாப்பிடுதுங்க."

ஒன்றைச் சுட்டால் மற்றவை ஓடிவிடும் என்று மச்சான் யோசனை சொன்னார். அதை அந்தப் பெண் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. அவருக்கு வேண்டியது வேலி. முள்வேலி போட நாளாகும், அதற்குள் வயல் மிஞ்சாது. பழைய புடவைகளை வரப்பில் வரிசையாகக் கட்டினால் ஆடுகிற துணிக்கும் ஆள் வாசனைக்கும் பயந்து மான் கிட்டே வராது, அவர்கள் பக்கம் அதுதான் வழக்கம். அவரிடம் இருந்தது மூன்றோ நாலோதான். ஆரணிக்காரர்களிடம் கேட்டால் புடவைக்கா பஞ்சம் என்று பஸ் ஏறி வந்திருக்கிறார்.

எங்கள் வீட்டில் பழைய நூல் புடவை அதிகம் கிடையாது. எல்லாம் பாத்திரக்காரனிடம் போட்டாகிவிட்டது. என் மனைவி உள்ளே போய், பெரிய மூட்டை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்த மூட்டையைத் தெரியும். அந்த வருடம் சாயம் பிசகி, அரக்குக் கரையின் சிவப்பு சந்தன நிற உடலில் இறங்கி, கடைக்காரர் திருப்பி அனுப்பிய பட்டுப் புடவைகள் அவை. என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவில் கிடந்தன.

"இத்தப் பாக்கறப்பல்லாம் எனக்கு வயிறு எரியுது. வேலியாவது ஆவட்டும்" என்றார் மனைவி.

மறுநாள் நானும் மச்சானும் மூட்டையோடு பஸ் ஏறினோம். அந்தப் பெண் கம்பு நட, நான் கட்டினேன். இந்த முறை வரப்பு நேராக இருந்ததால் வேலியும் நேராக வந்தது. மலையடிவாரத்தில் மல்லாட்டை வயலைச் சுற்றிப் பட்டுப் புடவைகள் ஜரிகை மின்ன ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரர், அங்கே யார் வீட்டுக் கல்யாணம் என்று பிறகு கேட்டார்.

வேலி வேலை செய்கிறதா என்று பார்க்க, சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் போனோம். மச்சான் சாக்கில் சுற்றித் துப்பாக்கியையும் எடுத்து வந்தார். பன்றி வந்தால் என்றார். கிணற்றடி மோட்டார் கொட்டகையின் பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அந்தப் பெண் காவலுக்காகத் தகர டப்பாவோடு வந்திருந்தார். பனியில் நனைந்து நனைந்து சிவப்புச் சாயம் வரப்பெல்லாம் வடிந்திருந்தது.

வெயில் சாய்ந்ததும் மான்கள் எங்கள் புதர்களிலிருந்து இறங்கின. நேராக மல்லாட்டையைப் பார்த்து வந்தன. காற்றில் ஒரு முந்தானை எழுந்தது. முன்னால் வந்த பெண்மான் அப்படியே நின்றது. மூக்கை நீட்டியது, காலைத் தரையில் தட்டியது. பிறகு திரும்பியது. எனக்கு உயிர் வந்தது. வயல் பிழைத்தது.

ஆனால் அவை காட்டுக்குத் திரும்பவில்லை. புடவை வேலியை ஒட்டியே ஒன்றன்பின் ஒன்றாக நடந்து, எங்கள் குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வந்தன. குட்டை எங்களுக்கு நேர் எதிரே. கொம்பு விரிந்த பெரிய ஆண்மான் ஒன்று பக்கவாட்டில் முழுசாக நின்றது. நான் கட்டிய வேலி அதைத் துப்பாக்கி முனைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தது. மச்சான் சத்தமில்லாமல் சாக்கை விலக்கித் துப்பாக்கியைத் தோளில் வைத்தார். இரண்டு வருடமாக அவர் காத்திருந்தது இதற்குத்தான்.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. கையைக்கூட நீட்டவில்லை. மானைப் பார்த்தபடியே, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"சத்தம் கேட்டா காட்டிலாக்காக்காரங்க மொதல்ல என் கொட்டாய்க்குத்தான் வருவாங்க. எங்கூட்டுக்காரரு ஊர்ல இல்ல. நீங்க அப்போ ஆரணி பஸ்ல போய்க்கினு இருப்பீங்க."

கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல இருந்தது. மச்சானின் விரல் துப்பாக்கி விசையிலேயே இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துப்பாக்கி மெதுவாக இறங்கியது. அவர் சட்டைப் பையைத் துழாவி ஒரு பீடியை எடுத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். அந்தச் சத்தத்துக்கே மான் கூட்டம் பறந்துவிட்டது.

நாங்கள் கண்ணமங்கலம் வரை நடந்தோம். ஆரணி பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து டிக்கெட் வாங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் சொன்ன பஸ்ஸில், அவர் சொன்ன நேரத்தில், நாங்கள் இருவரும் போய்க்கொண்டிருந்தோம். மச்சானுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அதன்பின் அந்த நிலத்துக்குத் துப்பாக்கியை அவர் கொண்டு போகவே இல்லை. கேட்டால் முதுகு வலி என்பார்.

அறுவடை முடிந்ததும் அந்தப் பெண் மறுபடி வந்தார். ஒரு பை நிறைய வேகவைத்த மல்லாட்டை. இன்னொரு மூட்டையில் எங்கள் புடவைகள், துவைத்து மடித்து. வேலிக்குக் கொடுத்ததை யாராவது திருப்பித் தருவார்களா என்று என் மனைவி நெகிழ்ந்து போனார். வந்தவர் அதற்கெல்லாம் இடம் கொடுக்கவில்லை.

"எங்க கொட்டாய்ல எலி கடிச்சிடும்க்கா. இங்கயே பத்திரமா இருக்கட்டும். அடுத்த பட்டத்துக்கு வெதச்சதும் வந்து எடுத்துகினு போறேன்" என்றார்.

அப்படியே வருடா வருடம் வந்து எடுத்துப் போனார். பிறகு எண்பதுகளின் நடுவில் நாங்கள் நிலத்தை விற்றுவிட்டோம். வாங்கியவர் புதரையெல்லாம் வெட்டி மாஞ்செடி வைத்ததாகக் கேள்வி. மான்கள் எங்கே போயினவோ தெரியாது. அந்தப் புடவை மூட்டையைக் கடைசி முறை கொடுத்தபோது, அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம்.

இன்றைக்கும் நம் இடத்தில் நாம் செய்கிறோம், அடுத்தவருக்கு என்ன என்று எதையாவது தொடங்கப் போனால், அந்த ஆரணி பஸ் என் கண் முன்னால் வந்து நிற்கும். நான் அதில் ஏறிப் போன பிறகு அங்கேயே இருக்கப் போகிறவர் யார் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.